நிக்கிற பந்தை அடிக்க முடியலையா? கோல்ஃபில் 'அயர்ன் ஷாட்' கைவர என்ன செய்யணும்? முழு விளக்கம்

பவுலர் கிடையாது. யார்க்கர் கிடையாது. பந்து கண்ணு முன்னாடி புல் மேல அசையாம உட்கார்ந்திருக்கு. நாமும் நிதானமா நின்னு, நேரம் எடுத்து, ஓங்கி ஒரு அடி அடிக்கிறோம். மண் பறக்குது, புல் பறக்குது. பந்து மட்டும் பத்தடி தள்ளி உருண்டு போய் நிக்குது!

கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு முதல் தடவை போகிற பெரும்பாலானவர்களின் அனுபவம் இதுதான். தெருவில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடி சிக்ஸர் அடிச்சுப் பழகினவங்களுக்கு இது இன்னும் பெரிய அவமானமா இருக்கும். "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று இரண்டாவது வாரமே விட்டுவிடுபவர்களும் உண்டு.

ஆனால், இவர்களிடம் குறைவது பலமும் இல்லை, திறமையும் இல்லை. பந்து எப்படி மேலே எழும்புகிறது என்பதில் ஒரே ஒரு தப்பான புரிதல்தான் சிக்கல். அந்தப் புரிதலை மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது என்ன, அயர்ன் ஷாட்டை எப்படிப் படிப்படியாகப் பழகுவது? விரிவாகப் பார்க்கலாம்.

அயர்ன் என்றால் என்ன?

கோல்ஃபில் பந்தை அடிக்கும் கருவிக்குப் பெயர் கிளப். ஒரு போட்டியில் ஒருவர் அதிகபட்சம் 14 கிளப்கள் வரை பையில் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் தூரமாக அடிப்பதற்கு 'வுட்', புல்வெளியிலிருந்து இலக்கை நோக்கி அடிப்பதற்கு 'அயர்ன்', குழிக்கு அருகில் பந்தை உருட்டுவதற்கு 'பட்டர்' என்று தனித்தனி வேலைகள் உண்டு.

முன்பெல்லாம் இரும்பில் தலைப்பகுதி செய்ததால் 'அயர்ன்' என்று பெயர் வந்தது. இப்போது பெரும்பாலும் எஃகில்தான் செய்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. மரம் என்று அர்த்தம் வரும் 'வுட்'கூட இன்று உலோகத்தில்தான் வருகிறது.

அயர்ன்களின் அடியில் ஒரு எண் இருக்கும். எண் சின்னதாக இருந்தால் கம்பி நீளம், முகத்தின் சாய்வு குறைவு, பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும். எண் பெரிதாக இருந்தால் கம்பி குட்டை, சாய்வு அதிகம், பந்து உயரமாக எழும்பி, குறைந்த தூரத்தில் இறங்கி, அதிகம் உருளாமல் நிற்கும். இந்தச் சாய்வுக்குத்தான் கோல்ஃபில் 'லாஃப்ட்' என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வெச்சுக்கோங்க. இந்தக் கட்டுரையின் உயிரே இதில்தான் இருக்கு.

7ஆம் நம்பரில் தொடங்கச் சொல்வது ஏன்?

புதிதாக வருபவர் கையில் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பது 7ஆம் நம்பர் அயர்ன். காரணம் எளிது. செட்டில் இது நடுவில் இருப்பது. கம்பி ரொம்ப நீளமும் இல்லை, ரொம்பக் குட்டையும் இல்லை. இப்போது விற்கும் 7ஆம் நம்பர் அயர்ன்களின் சாய்வு பெரும்பாலும் 28 முதல் 34 டிகிரிக்குள் இருக்கும். பந்தை மேலே கிளப்ப இது போதும். சுமாராக அடித்தாலும் பந்து எழும்பும்.

3, 4ஆம் நம்பர்கள் நேர் எதிர். சாய்வு குறைவு, கம்பி நீளம். ஆரம்பத்தில் இவற்றைத் தொடவே வேண்டாம். அந்த இடத்தில் அடிக்கச் சுலபமான 'ஹைப்ரிட்' கிளப்களைத்தான் இப்போது பலரும் வைத்துக்கொள்கிறார்கள்.

புது செட் வாங்க அவசரப்பட வேண்டியதில்லை. முதல் ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பழைய 7ஆம் நம்பர் போதும். வாங்குவதாக இருந்தால் முகத்தின் பின்பக்கம் குழிவாக இருக்கும் 'கேவிட்டி பேக்' வகையைக் கேளுங்க. எடை ஓரங்களுக்குப் பிரிந்திருப்பதால், நடுவில் படாத அடியையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கிளப்பை வெட்டிக் கொடுக்கக் கூடாது. நீளம்தான் குறையும், தலையின் கனம் அப்படியே இருக்கும். அதைச் சுழற்றப் பிள்ளைகள் உடம்பை வளைத்துத் தப்பான பழக்கத்தைக் கற்றுக்கொள்வார்கள்.

தூக்க நினைத்தால் தூங்கிடும் பந்து!

இங்கதான் விஷயமே இருக்கு. பந்து தரையில் கிடக்கு. அது மேலே போகணும். அப்படின்னா கிளப்பைப் பந்துக்கு அடியில் விட்டு மேலே தூக்கணும்னு மனசு சொல்லும். கிரிக்கெட்டிலும் "தூக்கி அடி"ன்னுதானே கேட்டுப் பழகியிருக்கோம்?

அந்த ஒரு நினைப்புதான் எல்லாத்தையும் கெடுக்குது.

தூக்க நினைக்கும்போது உடம்பு தன்னாலே பின்பக்கம் சாயும். எடை வலது காலிலேயே தங்கிவிடும். கிளப் போகும் பாதை ஒரு வளைவு. மேலிருந்து இறங்கி, ஒரு தாழ்ந்த புள்ளியைத் தொட்டு, மறுபடி மேலே ஏறும். உடம்பு பின்னால் சாய்ந்தால், அந்தத் தாழ்ந்த புள்ளியும் பந்துக்குப் பின்னால் போய்விடும்.

அதற்கப்புறம் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, கிளப் பந்துக்கு முன்பே தரையில் இடித்து வேகம் செத்துப்போகும். இல்லையென்றால், தரையைத் தொடாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கும் கிளப்பின் விளிம்பு, பந்தின் நடு வயிற்றில் படும். பந்து தரையோடு தரையாக ஓடும். பார்க்க இரண்டும் எதிரெதிர் தப்பு மாதிரி தெரியும். ஆனால், வேர் ஒன்றுதான்.

கோல்ஃப் பந்தின் குறுக்களவு விதிப்படி குறைந்தபட்சம் 42.67 மில்லிமீட்டர். அதன் நடுப்பகுதி தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கு. நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் இடையில் இருப்பது அந்த இரண்டு சென்டிமீட்டர்தான்.

அப்போ பந்து எப்படி மேலே போகும்?

கிளப்பின் முகம் ஏற்கெனவே சாய்ந்துதான் இருக்கு. மேலே அனுப்பும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். நம்ம வேலை, கிளப் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதைப் பந்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதலில் பந்து, அப்புறம் தரை. வரிசை இதுதான்.

சாய்ந்த முகம் இறங்கி வந்து படும்போது பந்து மேல்நோக்கிக் கிளம்பும். கூடவே பின்னோக்கிச் சுழலவும் ஆரம்பிக்கும். தொழில்முறை வீரர்கள் 7ஆம் நம்பரில் அடிக்கும் பந்து நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுற்று வேகத்தில் பின்சுழற்சியோடு போகும். அந்தச் சுழற்சியும் பந்தின் மேலிருக்கும் சின்னச் சின்னக் குழிகளும் சேர்ந்து பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கும்.

"அப்போ கோடாலி மாதிரி வெட்டணுமா?" என்றால், இல்லை. அமெரிக்க பிஜிஏ டூர் வீரர்கள் 7ஆம் நம்பரில் கீழ்நோக்கி அடிக்கும் கோணமே சராசரியாகச் சுமார் 4 டிகிரி, அவ்வளவுதான். நல்ல வீரர் அடித்த இடத்தைப் பாருங்க. பந்து இருந்த இடத்துக்கு முன்பக்கம், அதாவது இலக்கு இருக்கும் பக்கம், புல் மெல்லிசாகப் பெயர்ந்திருக்கும். அதற்கு 'டிவட்' என்று பெயர். அது தரையைத் தோண்டினது இல்லை, சீவினது.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு இருக்கும். பந்து, கிளப்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கித்தான் துள்ளுகிறதா? இல்லை. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் சுமார் 2,000இல் ஒரு பங்கு. கிளப் தரையைத் தொடும்போது பந்து ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும்.

(கீழே வரும் குறிப்புகள் எல்லாம் வலதுகைக்காரர்களுக்கு. இடதுகைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளவும்.)

பிடி சரியா இருக்கா?

கிளப்பை உள்ளங்கையில் வைத்து இறுக்குவது புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. இடது கையின் விரல்களில் கிளப் படியணும். பிடித்த பிறகு குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு அல்லது இரண்டரை விரல் முட்டிகள் தெரியணும். கட்டைவிரல் கம்பியின் உச்சியில் இல்லாமல், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருக்கணும்.

வலது கை கீழே வந்து, அதன் உள்ளங்கை இடது கட்டைவிரலை மூடணும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரல் மேல் வைக்கலாம். இரண்டையும் கோத்துக்கொள்ளலாம். சின்னக் கை என்றால் பத்து விரலும் கம்பியில் படும்படியே பிடிக்கலாம். மூன்றும் சரியான முறைகள்தான். எது வசதியோ அதை வெச்சுக்கோங்க, ஆனால் தினம் ஒன்றாக மாற்றாதீங்க.

எவ்வளவு இறுக்கம்? பிரேக் போடுற டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்போமே, அந்த இறுக்கம் கூடவே கூடாது. முழு பலத்தை 10 என்று வைத்தால், 4 அல்லது 5 போதும். கை விறைத்தால் மணிக்கட்டு அசையாது. மணிக்கட்டு அசையாவிட்டால் வேகம் வராது.

எப்படி நிற்கணும்?

* கால்கள்: தோள் அகலத்துக்கு. எடை இரண்டு காலிலும் சமமாக.

* பந்து: 7, 8, 9ஆம் நம்பர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு காலுக்கும் நடுவில். 5, 6 என்றால் கொஞ்சம் இடது கால் பக்கம்.

* குனிவது: முதுகைக் கூன் போடக்கூடாது. இடுப்பு மூட்டில் மடங்கணும். முழங்கால் லேசாகத் தளர்ந்தால் போதும், நாற்காலியில் உட்காருவது போல வேண்டாம்.

* கைகள்: தோளிலிருந்து இயல்பாகத் தொங்கணும். கிளப்பின் மேல் நுனிக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு கைமுட்டி நுழைகிற இடைவெளி இருந்தால் சரி.

* கம்பி: கைகள் பந்தைவிட ஒரு துளி முன்னால், இடது தொடையின் உள்பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும்.

அடுத்தது குறி. முதலில் பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்க. இலக்கை நோக்கிப் போகும் கோட்டில், பந்துக்கு இரண்டடி முன்னால் ஒரு புல் கொத்தையோ காய்ந்த இலையையோ அடையாளம் வெச்சுக்கோங்க. கிளப்பின் முகத்தை முதலில் அந்த அடையாளத்துக்கு நேராக வைத்துவிட்டு, அதற்கப்புறம் காலை வைங்க. ரயில் தண்டவாளத்தை நினைச்சுக்கோங்க. ஒரு தண்டவாளத்தில் பந்தும் இலக்கும், இன்னொன்றில் உங்கள் பாதங்களும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இணையாகப் போகணுமே தவிர, ஒன்றையொன்று வெட்டக்கூடாது.

வீச்சு: கையா, உடம்பா?

கோல்ஃப் வீச்சில் கை தனியாக வேலை செய்வதில்லை. பின்னால் எடுத்துப் போகும்போது தோளும் மார்பும் வலப்பக்கம் திரும்பணும். அப்போது எடை வலது காலின் உள்பக்கத்துக்கு வரும்.

திரும்பி வரும்போது வரிசை முக்கியம். கை அவசரப்படக்கூடாது. முதலில் எடை இடது காலுக்கு மாறணும், இடுப்பு திரும்பணும், அதற்குப் பின்னால் கை தானாக வந்து சேரும். பந்தைத் தொடும் நொடியில் எடையில் பெரும்பகுதி இடது காலில் இருக்கும், கைகள் பந்தைத் தாண்டி முன்னால் இருக்கும், கிளப்பின் தலை கையைப் பின்தொடர்ந்து வரும். தூக்க நினைப்பவர்களிடம் இது தலைகீழாக நடக்கும். வலது மணிக்கட்டை உதறி, கிளப் தலையைக் கைக்கு முன்னால் தள்ளிவிடுவார்கள்.

முடிக்கும் நிலையைப் பார்த்தே அடி எப்படி என்று ஓரளவு சொல்லிவிடலாம். தொப்புள் இலக்கைப் பார்க்கணும். வலது காலின் நுனிவிரல் மட்டும் தரையில், முழு எடையும் இடது காலில். அந்த நிலையில் மூன்று எண்ணும்வரை அசையாம நிற்க முடிஞ்சா நல்ல வீச்சு. தள்ளாடினா, தேவைக்கு மேல் பலம் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

'தலையைத் தூக்காதே' என்பது சரியான அறிவுரையா?

பயிற்சித் திடலில் அதிகம் கேட்கும் வாசகம் இது. யார் எப்படித் தப்பாக அடித்தாலும், பக்கத்தில் நிற்பவர் சொல்வது "தலையைத் தூக்கிட்டீங்க". பாதி உண்மை, பாதி கெடுதல்.

பந்தைப் பார்த்து அடிக்கணும் என்பது சரி. ஆனால், தலையைக் கீழேயே அழுத்தி வைத்துக்கொண்டால் தோள் திரும்பாது, எடை இடது காலுக்குப் போகாது. எதைத் தடுக்க நினைத்தோமோ அதே தப்பில் கொண்டுபோய் விடும். பல நேரங்களில் தலை எழும்புவது, உடம்பு முழுக்கப் பந்தைத் தூக்க முயன்றதன் விளைவுதான். நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுக்கிற கதை. பந்து போனதும் தலை உடம்போடு சேர்ந்து இயல்பாகத் திரும்பட்டும். அதில் தப்பே இல்லை.

செலவில்லாமல் செய்யக்கூடிய 4 பயிற்சிகள்

1. கோட்டுப் பயிற்சி: இருப்பதிலேயே இதுதான் முக்கியமானது. மண் அல்லது மணல் தரையில் ஒரு கோடு போடுங்க. கோடு இரண்டு காலுக்கும் நடுவில் வர்ற மாதிரி நில்லுங்க. பந்து வேண்டாம். கிளப் தரையைத் தொடும் இடம் கோட்டிலோ, கோட்டுக்கு இடது கால் பக்கமோ இருக்கணும். பத்துக்கு ஏழு தடவை சரியா வந்த பிறகு கோட்டின் மேல் பந்தை வைங்க.

2. துண்டுப் பயிற்சி: பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு துண்டை மடித்து வைங்க. துண்டில் படாமல் பந்தை அடிக்கணும். பந்துக்கு முன்பே தரையில் இடிக்கும் பழக்கம் இருந்தால் துண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

3. பாதி வீச்சு: இடுப்பு உயரம் வரை பின்னால், இடுப்பு உயரம் வரை முன்னால். அவ்வளவுதான். கடிகாரத்தில் 9 மணியிலிருந்து 3 மணி வரை என்று வெச்சுக்கலாம். பந்து அதிக தூரம் போகாது, போகவும் வேண்டாம். 'டிக்' என்று சுத்தமாகப் பட்ட சத்தம் வருதா என்பதுதான் கணக்கு.

4. கால் சேர்த்து அடிப்பது: இரண்டு காலையும் ஒட்டி வைத்து மெதுவாக அடிங்க. பலத்தைக் காட்டினால் உடனே தடுமாறுவீங்க. நிதானத்தைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

தப்பு எங்கே? பந்தே சொல்லும்!

* மண் பறக்குது, பந்து பக்கத்திலேயே விழுது: தரையில் முதலில் இடிக்கிறீங்க. எடை வலது காலிலேயே தங்கியிருக்கும். துண்டுப் பயிற்சிக்குப் போங்க.

* பந்து தரையோடு ஓடுது: பந்தின் நடுவில் அல்லது தலையில் பட்டிருக்கு. இதுவும் தூக்கும் பழக்கம்தான். இல்லையென்றால், நிற்கும்போது இருந்த குனிவை அடிக்கும்போது இழந்து நிமிர்ந்துவிட்டீங்க. கோட்டுப் பயிற்சி கைகொடுக்கும்.

* பந்து பட்டதுமே வலப்பக்கம் குறுக்கே பாயுது: முகத்தில் படாமல் கம்பியும் தலையும் சேரும் இடத்தில் பட்டிருக்கு. அடிக்கும்போது எடை கால் நுனிக்கு வந்து, கை உடம்பை விட்டு விலகியிருக்கலாம். குதிகாலிலும் எடை இருக்கா என்று பாருங்க.

* நேரா கிளம்பி வலப்பக்கம் வளையுது: கிளப் போகும் பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருக்கு. முதலில் பிடியைச் சரிபாருங்க. இடது கையில் ஒரு முட்டிகூடத் தெரியவில்லையென்றால் அங்கேதான் சிக்கல்.

முகத்தில் எங்கே படுகிறது என்று தெரியவில்லையா? பந்தின் பின்பக்கம் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அடிங்க. கிளப் முகத்தில் அச்சு விழும். அது நடுவில் இருந்தால் போதும், மற்றது தானாகச் சரியாகும்.

பயிற்சித் திடல் மேட் செய்யும் ஏமாற்று வேலை

நகரங்களில் உள்ள திடல்களில் பெரும்பாலும் பச்சை மேட் மேல்தான் அடிக்க வைப்பார்கள். இதில் ஒரு வில்லங்கம் இருக்கு. பந்துக்கு முன்பே கிளப் மேட்டில் பட்டாலும், அது புதையாமல் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் ஓரளவு நல்லா போகும். நாம் சரியாக அடித்ததாக நினைத்துக்கொள்வோம். நிஜப் புல்லுக்கு வந்ததும் அதே அடி மண்ணில் புதையும். "திடல்ல நல்லா அடிச்சேனே, மைதானத்துல ஏன் வரல?" என்று பலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் மேட்டில் அடிக்கும்போது பந்தை மட்டும் பார்க்காமல் சத்தத்தைக் கேளுங்க. 'தொப்' என்று முதலில் மேட்டின் சத்தம் வந்தால் அது தப்பு. வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் புல் தரையில் அடிச்சுப் பாருங்க.

வலி வந்தால் நிறுத்துங்க

ஆர்வத்தில் முதல் நாளே நூறு, நூற்றைம்பது பந்து அடிப்பவர்கள் உண்டு. மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். இறுக்கமான பிடியோடு கடினமான மேட்டில் திரும்பத் திரும்ப இடிப்பது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஆகாது. முழங்கையின் உள்பக்கத்தில் வரும் ஒரு தசைநாண் வலிக்கு 'கோல்ஃபர்ஸ் எல்போ' என்றே பெயர் இருக்கு. தொடக்கத்தில் 40, 50 பந்துக்கு மேல் வேண்டாம். அடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் தோள், இடுப்பு, மணிக்கட்டைச் சுழற்றித் தயார்படுத்துங்க. வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இதைவிட முக்கியம், பக்கத்தில் இருப்பவர்களின் பாதுகாப்பு. கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம்தான். கிரிக்கெட் பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால், அது வரும் வேகத்தில் கண்ணில், தலையில் பட்டால் பெரிய காயமாகும். வீசப்போகும் கிளப்பின் எல்லைக்குள் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக்கூடாது. வெறும் வீச்சு பழகும்போதும் இதே விதிதான். பந்து ஆட்கள் இருக்கும் பக்கம் போனால் "ஃபோர்!" என்று சத்தமாகக் கத்தணும். அந்தச் சத்தம் நம்ம காதில் விழுந்தால் நிமிர்ந்து தேடாமல், உடனே தலையைக் கையால் மூடிக் குனியணும்.

எவ்வளவு தூரம் அடிக்கணும்?

பிஜிஏ டூர் வீரர்கள் 7ஆம் நம்பரில் 170 யார்டுக்கு மேல் அடிக்கிறார்கள். ஒரு யார்டு என்பது மூன்று அடி. அதைப் பார்த்து மனசு உடைய வேண்டாம். புதிதாகக் கற்பவர் நூறு யார்டு நேராக அடித்தாலே அது நல்ல அடி.

தூரம் மட்டுமே கோல்ஃப் இல்லை என்பதற்கு நம்ம கண் முன்னாடியே ஒரு உதாரணம் இருக்கு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காவது இடம் பிடித்தார். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் பதக்கத்துக்கான போட்டியைத் தவறவிட்டார். முதல் அடியின் தூரத்தில் அவர் மற்ற முன்னணி வீராங்கனைகளைவிடப் பின்தங்கித்தான் இருந்தார். குழிக்கு அருகில் காட்டிய துல்லியமும் நிதானமும்தான் அவரை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனது.

பணக்காரங்க விளையாட்டுதானே?

மைதானக் கட்டணம், கிளப் உறுப்பினர் சந்தா என்று பார்த்தால் அந்தப் பேச்சில் உண்மை இருக்கு. ஆனால், முழு உண்மை இல்லை. 2009இல் இந்தியன் ஓபன் பட்டம் வென்ற சி.முனியப்பா, ஆசிய அளவில் பட்டம் வென்ற எஸ்.சிக்கரங்கப்பா இருவருமே, பெங்களூர் பகுதியில் மற்றவர்களின் பையைச் சுமக்கும் 'கேடி'யாக இருந்து மேலே வந்தவர்கள்தான்.

தமிழ்நாட்டில் சென்னை நந்தனம், கோவை செட்டிப்பாளையம், ஊட்டி, கொடைக்கானல் ஆகிய இடங்களில் கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கப்பட்டது. கற்றுக்கொள்ள முழு மைதானம் தேவையில்லை. பயிற்சித் திடலில் ஒரு பக்கெட் பந்தும், ஒரு பயிற்சியாளரிடம் முதல் இரண்டு மூன்று வகுப்புகளும் போதும். தப்பான பிடி கையில் ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம் என்பதால், வகுப்புக்குச் செலவு செய்வதாக இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே செய்வது நல்லது.

சொல்லிக்கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நண்பரையோ மனைவியையோ பிள்ளையையோ திடலுக்கு அழைத்துப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேளுங்க. ஒவ்வொரு அடிக்கும் ஒரு குறை சொன்னால், நாலாவது அடியில் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. இன்று பிடி என்றால் இன்று முழுக்கப் பிடிதான். பந்து எங்கே போனாலும் பரவாயில்லை.

"இன்னும் பலமா அடி" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. தப்பான வீச்சில் பலத்தைக் கூட்டினால் தப்புதான் பெரிதாகும். செல்போனில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்துக் காட்டுங்க. "நீ பின்னால சாயறே" என்று பத்து தடவை சொல்வதைவிட, அவரே ஒரு தடவை பார்த்துக்கொள்வது மேல்.

முதல் 4 வாரம் எப்படிப் போகலாம்?

* முதல் வாரம்: பிடி, நிற்கும் முறை, கோட்டுப் பயிற்சி. வீட்டில் தினமும் பத்து நிமிடம் கிளப்பைப் பிடித்துப் பழகினாலே போதும்.

* இரண்டாவது வாரம்: பாதி வீச்சு மட்டும். முழு வீச்சுக்கு ஆசைப்பட வேண்டாம்.

* மூன்றாவது வாரம்: துண்டுப் பயிற்சி, தோள் உயரம் வரையிலான முக்கால் வீச்சு.

* நான்காவது வாரம்: முழு வீச்சு, ஆனால் முழு பலத்தில் இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு இலக்கு வைத்து அடிங்க. ஒரு அடி சரியில்லை என்றால் உடனே அடுத்த பந்தை இழுத்துப்போடாமல், பின்னால் வந்து மூச்சு விட்டு மறுபடி குறி பாருங்க.

இவ்வளவையும் செய்த பிறகும் பத்தில் நாலு பந்து சொதப்பத்தான் செய்யும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். மைதானத்தில் அடித்துப் பெயர்த்த புல்லை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதித்துவிட்டு, அல்லது அங்கே கொடுக்கும் மணலைப் போட்டு மூடிவிட்டு நகருங்க. அடுத்து வருபவருக்காகச் செய்யும் மரியாதை அது.

அடுத்த தடவை பந்து முன்னாடி நிற்கும்போது எல்லாக் குறிப்பும் ஞாபகம் வராது, வரவும் வேண்டாம். ஒன்றே ஒன்று போதும்: தூக்குறது கிளப்போட வேலை. முதலில் பந்து, அப்புறம் தரை. அந்த வரிசை ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், கையில் எந்த அதிர்வும் இல்லாமல் பந்து மேலே எழும்பும். அந்த ஒரு அடிக்காகத்தான் மறுநாளும் திடலுக்குப் போகத் தோன்றும்.